வீட்டு மேசையில் உருவாகும் தோட்டா

1943-ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா முழுமூச்சாக இறங்கியிருந்தது. ஈயம், செம்பு, பித்தளை எல்லாம் போர்முனைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஊர்க் கடைகளில் வேட்டைத் தோட்டா கிடைப்பது அரிதாகிவிட்டது. கலிஃபோர்னியாவின் ஓரவில் என்ற சிற்றூரில் ஃபிரெட் ஹண்டிங்டன் என்பவர் தன் தந்தையின் சலவை நிலையத்தில் வேலை பார்த்துவந்தார். ‘ராக் சக்’ என்று அந்தப் பக்கத்தார் அழைக்கும் மலைப்பிராணியைத் தொலைவிலிருந்து சுடுவதில் அவருக்கு ஆர்வம். அதற்கேற்ற நல்ல குண்டு சந்தையில் இல்லை. சலவை நிலையத்தின் பின்கட்டிலேயே அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சிறுவர்கள்கூடச் சுட்டுப் பழகும் .22 தோட்டாவின் காலியான பித்தளைக் கூடுகளைப் பொறுக்கியெடுத்து, அவற்றுக்குள் ஈயத்தை வைத்து, தானே கடைந்த எஃகு அச்சில் அழுத்தினார். பித்தளைச் சட்டை போட்ட புதிய குண்டு வெளியே வந்தது.

அந்த அச்சுக்கு அவர் வைத்த பெயர் ‘ராக் சக் புல்லட் ஸ்வேஜ்’. அதன் முதலெழுத்துகள்தாம் ஆர்.சி.பி.எஸ். அந்த நிறுவனத்தின் பச்சை நிற அழுத்து கருவிகளை இன்றும் அமெரிக்க வீடுகளின் கார் கொட்டகைகளிலும் நிலவறைகளிலும் காணலாம்.

ஹண்டிங்டன் மட்டும் இப்படி யோசிக்கவில்லை. ஐடஹோ மாநிலத்தின் லூயிஸ்டனில் வெர்னன் ஸ்பியர் என்பவரும் அதே போர்க்காலத்தில் அதே .22 கூடுகளை வைத்துக் குண்டு செய்து விற்றார். நெப்ராஸ்காவின் கிராண்ட் ஐலண்டில் ஜாய்ஸ் ஹார்னடி 1949-இல் குண்டு செய்யும் நிறுவனம் தொடங்கினார். போர் முடிந்ததும் அரசிடம் மிஞ்சிக் கிடந்த வெடிமருந்தைக் கேன்சாஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் மொத்தமாக வாங்கினார். அதற்கான பணத்தை ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தின் மேல் கடனாகப் பெற்றார். வாங்கிய மருந்தைச் சிறுகச் சிறுக விற்றார். ஸ்பியர், ஹார்னடி, ஹாட்ஜ்டன் என்ற பெயர்கள் இன்று இந்தத் தொழிலின் பெரிய பெயர்கள். வீட்டில் தோட்டா நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் பெருந்தொழிலாக வளர்ந்ததற்கு அந்தப் பஞ்சமும் அதை அடுத்து வந்த மிச்சமும் பெரிய காரணங்கள்.

சுட்ட தோட்டாவை மறுபடி எப்படி நிரப்ப முடியும்? தோட்டாவின் உள்ளமைப்பைத் தெரிந்துகொண்டால் இதற்கு விடை கிடைத்துவிடும். தோட்டா என்பது ஒரே பொருள் அல்ல. நான்கு பொருள்களின் சேர்க்கை. முனையில் இருப்பது பறந்துபோகும் குண்டு. அதைப் பிடித்துக்கொண்டிருப்பது பித்தளைக் கூடு. கூட்டுக்குள் இருப்பது மருந்து. கூட்டின் அடிப்பகுதியில், நடுவில், பொட்டு வைத்ததுபோல் பதிந்திருக்கும் சிறு உலோகக் கிண்ணம்தான் பிரைமர். துப்பாக்கியின் ஊசி பிரைமரைத் தாக்குகிறது. அதிலிருக்கும் கலவை சுள்ளென்று தீப்பொறி விடுகிறது. பொறி சிறு துளை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கிறது. வாயு பெருகிக் குண்டைத் தள்ளுகிறது. குண்டு போய்விட்டது, மருந்து எரிந்துவிட்டது, பிரைமர் தீர்ந்துவிட்டது. கூடு மட்டும் மிஞ்சுகிறது.

நான்கிலும் அதிக உழைப்பைக் கோருவது இந்தக் கூடுதான். எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை அது. வெடிக்கும் கணத்தில் அது விரிந்து துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்பக்கம் கசியாமல் தடுக்கிறது. அழுத்தம் தணிந்ததும் கொஞ்சம் சுருங்கி, வெளியே எடுக்க வருகிறது. பித்தளையின் இந்தக் குணம் இல்லாவிட்டால் மறுநிரப்பு என்ற பழக்கமே தோன்றியிருக்காது. ரஷ்யாவிலிருந்து மலிவாக வந்துகொண்டிருந்த எஃகுக் கூட்டுத் தோட்டாக்களை யாரும் பொறுக்கி வைத்துக்கொள்வதில்லை என்பதற்கும் இதுவே முதற்காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. 1860-களில் இரண்டு ராணுவ அதிகாரிகள் தனித்தனியே பிரைமர் வடிவமைத்தார்கள். அமெரிக்கர் ஹைரம் பெர்டனின் வடிவம் ஐரோப்பாவில் பரவியது. பிரிட்டிஷ்காரர் எட்வர்ட் பாக்ஸரின் வடிவம் அமெரிக்காவில் நிலைத்தது. பாக்ஸர் வகைக் கூட்டில் பொறி போகும் துளை நடுவில் ஒன்றே ஒன்று. மேலிருந்து ஒரு கம்பியை நேராக இறக்கினால் தீர்ந்த பிரைமர் கீழே விழுந்துவிடும். பெர்டன் வகையில் துளைகள் ஓரத்தில் இருக்கும். கம்பி வேலைக்கு ஆகாது; அந்த ரஷ்யக் கூடுகளில் பெரும்பாலானவை இந்த வகையே. அமெரிக்காவில் வீட்டு மறுநிரப்பு இவ்வளவு எளிதாக வேரூன்றியதில் அந்த ஒற்றைத் துளைக்குப் பெரிய பங்கு உண்டு.

இனி 2020-க்கு வருவோம். கொரோனாப் பெருந்தொற்று, காவலர் பிடியில் நிகழ்ந்த ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையை அடுத்த போராட்டங்கள், அதிபர் தேர்தல் என்று அந்த ஆண்டு அமெரிக்கர்கள் அச்சத்திலேயே கழித்த ஆண்டு. துப்பாக்கி வாங்க வருபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் எஃப்.பி.ஐ. அமைப்பு 2019-இல் சுமார் 2 கோடியே 84 லட்சம் சோதனைகளை நடத்தியது. 2020-இல் அது சுமார் 3 கோடியே 97 லட்சமாக ஏறியது. ஒரு சோதனைக்கு ஒரு துப்பாக்கி என்று கணக்கு வைக்க முடியாது என்றாலும், போக்கு எப்படி என்பதில் சந்தேகமில்லை. துப்பாக்கித் தொழில் சங்கத்தின் மதிப்பீட்டின்படி, அந்த ஆண்டில் முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் மட்டும் 84 லட்சம் பேர். ஆளுக்கு இரண்டு பெட்டி தோட்டா என்றாலும் எவ்வளவு ஆகும்!

உற்பத்திப் பக்கத்திலும் ஓட்டை விழுந்திருந்தது. இருநூறாண்டு கடந்த ரெமிங்டன் நிறுவனம் 2020 ஜூலையில் திவாலானது. ஆர்கன்சாஸ் மாநிலத்தின் லோனோக்கில் இருந்த அதன் தோட்டா ஆலையை உள்ளடக்கிய பிரிவை விஸ்டா அவுட்டோர் நிறுவனம் 8 கோடியே 14 லட்சம் டாலருக்கு எடுத்துக்கொண்டது. ஃபெடரல், சி.சி.ஐ. என்ற இரு பெரிய தோட்டாப் பெயர்களும் அப்போதே விஸ்டாவிடம் இருந்தன. கைவசமிருந்த நிறைவேறாத ஆர்டர்களின் மதிப்பு 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது என்று அந்த நிறுவனம் ஆண்டின் இறுதியில் சொன்னது. 50 எண்ணம் கொண்ட 9 எம்.எம். கைத்துப்பாக்கித் தோட்டாப் பெட்டி பத்துப் பன்னிரண்டு டாலருக்கு விற்றது போய், முப்பது டாலர் கொடுத்தாலும் கிடைக்காத நிலை வந்தது. கடைகளில் ‘ஒருவருக்கு ஒரு பெட்டி’ என்ற அறிவிப்புகள் தொங்கின.

அப்போது பலருக்கும் தோன்றிய யோசனை ஒன்றுதான்: நாமே நிரப்பிக்கொண்டால் என்ன?

யோசனை நியாயமானது. தன் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்ப அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் உரிமம் கேட்பதில்லை. விற்பனைக்காகச் செய்தால்தான் உரிமம் வேண்டும். (இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது தண்டனைக்குரிய குற்றம்.) அமெரிக்காவில் தொடக்கக் கருவிகள் சில நூறு டாலருக்குள் வந்துவிடும். விஸ்கான்சினைச் சேர்ந்த ரிச்சர்ட் லீ 1958-இல் கொண்டுவந்த ‘லீ லோடர்’ அதைவிட எளியது. அழுத்து கருவிகூட வேண்டாம். ஒரு சுத்தியலால் தட்டித் தட்டியே ஒவ்வொரு தோட்டாவாக நிரப்பிவிடலாம்.

வேலையின் போக்கு இது. சுடுதளத்தில் பொறுக்கிய கூடுகளை முதலில் ஒவ்வொன்றாகப் பார்த்து, விரிசல் விட்டதையும் அடிப்பகுதி வெளுத்ததையும் ஒதுக்குவார்கள். மிஞ்சியவற்றைப் பொடித்த அக்ரூட் ஓட்டோடு அதிரும் தொட்டியில் சில மணி நேரம் ஓடவிட்டால் கரியும் அழுக்கும் போய்ப் பளபளக்கும். பிறகு டை எனப்படும் எஃகு அச்சுக்குள் கூட்டைச் செலுத்தி, விரிந்த உடலைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். அதே அழுத்தத்தில் பழைய பிரைமரும் வெளியே தள்ளப்படும். ரைஃபிள் கூடுகள் ஒவ்வொரு முறை சுடும்போதும் கொஞ்சம் நீளும். நீண்ட கழுத்தைச் சீவி அளவாக்க வேண்டும். புதிய பிரைமரைப் பொருத்தி, நிறுத்த மருந்தை ஊற்றி, குண்டை வாயில் அமர்த்தி அழுத்தினால் தோட்டா தயார்.

சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. மருந்தை நிறுக்கும் அலகைக் கேட்டால் அதன் நுணுக்கம் புரியும். ‘கிரெய்ன்’ என்பது அந்த அலகு. ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் என்பது ஏறக்குறைய 65 மில்லிகிராம். கைத்துப்பாக்கித் தோட்டாவில் போகும் மருந்து சில கிரெய்ன்கள் மட்டுமே என்பதால், அரை கிரெய்ன் கூடினாலே நிலைமை மாறும். 9 எம்.எம். தோட்டாவுக்குத் தொழில்துறை வகுத்த உச்ச அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. கார் டயரில் அடிக்கும் காற்று சுமார் 32 பவுண்டு அழுத்தம். அதைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல், முகத்துக்கு முன்னால் ஒரு கைப்பிடிக்குள். அதனால்தான் குண்டு, மருந்து நிறுவனங்கள் ஒவ்வோர் இணைக்கும் சோதித்து அச்சிட்ட அட்டவணைப் புத்தகங்களை வெளியிடுகின்றன. அவற்றில் சொன்ன மருந்தை, சொன்ன குண்டுக்கு, தொடக்க அளவிலிருந்தே போட வேண்டும் என்பது இந்தக் கலையின் முதல் விதி. ஒரு மருந்துக்குப் பதில் இன்னொன்று என்ற பேச்சுக்கே இடமில்லை. கைத்துப்பாக்கி மருந்து வேகமாக எரியும். ரைஃபிள் மருந்து மெதுவாக எரியும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே சாம்பல் நிறத் துகள்தான். ரைஃபிள் தோட்டாவில் கைத்துப்பாக்கி மருந்தைப் போட்டால் துப்பாக்கி சிதறலாம்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் இந்த விதிதான் அதிகம் மீறப்படும். கேட்ட மருந்து கடையில் இல்லை. இருப்பதை வைத்து ஒப்பேற்றலாம் என்ற எண்ணம் வரும். அனுபவமுள்ளவர்கள் புதியவர்களைத் தடுப்பது இந்த இடத்தில்தான். வேறு இரண்டு தவறுகளையும் அவர்கள் ஓயாமல் எச்சரிக்கிறார்கள். முதலாவது, கவனம் சிதறி ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து ஊற்றுவது. இரண்டாவது, மருந்தே ஊற்றாமல் விடுவது. பின்னதில் ஆபத்தில்லை என்று தோன்றும். ஆனால் பிரைமரின் பலத்தில் மட்டும் குண்டு பாதி தூரம் நகர்ந்து குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். ‘டப்’ என்ற மெல்லிய ஓசையை அசட்டை செய்து அடுத்த தோட்டாவைச் சுட்டால், குழல் வெடிக்கலாம். ஆகவேதான் கூடுகளை வரிசையாக அட்டையில் நிறுத்தி, விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றின் உள்ளேயும் மருந்தின் மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் குண்டை வைக்கிறார்கள். மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பாதான் இருக்கும்; தொலைக்காட்சி அணைந்திருக்கும்.

அதிகம் பேசப்படாத ஆபத்து ஒன்று உண்டு: ஈயம். பெரும்பாலான பிரைமர்களின் கலவையில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கூடுகளின் உள்ளே அதன் துகள் படிந்திருக்கும். சுத்தம் செய்யும் தொட்டியில் அது தூசியாகப் பறக்கும். ஈயத்தை உருக்கிக் குண்டு வார்ப்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். சமையலறை மேசையில் வைத்து இந்த வேலை செய்யக் கூடாது. முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தொடவும் கூடாது. உடலில் சேரும் ஈயத்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும் என்பது மருத்துவத்தில் நிலைநாட்டப்பட்ட உண்மை. பணம் மிச்சம் என்று கணக்குப் போடுபவர்கள் இதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

சேமித்து வைப்பதற்கும் வரம்பு உண்டு. வீட்டில் புகையில்லா மருந்து 20 பவுண்டுவரை, அதன் அசல் டப்பாவிலேயே வைத்துக்கொள்ளலாம். பிரைமர் 10,000 எண்ணம்வரை என்று அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதித்தொகுப்பு சொல்கிறது. திறந்த மருந்து கொழுந்துவிட்டு எரியும், ஆனால் வெடிக்காது. பிரைமர் அப்படியல்ல. அடி பட்டாலே வெடிப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள் அது. வாங்கிய அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் கொட்டி வைத்தால், ஒன்று வெடித்தாலே எல்லாம் சேர்ந்து வெடிக்கும்.

தட்டுப்பாட்டின் போது நாமே நிரப்பிக்கொள்ளலாம் என்று 2020-இல் புறப்பட்டவர்கள் முட்டிக்கொண்டதும் இந்தப் பிரைமரில்தான். கூடு பொறுக்கினால் கிடைக்கும். ஈயத்தை உருக்கினால் குண்டு கிடைக்கும். அது பழைய வழிதான்: 1804-இல் அமெரிக்காவின் மேற்கை ஆராயப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் பயணக் குழு மருந்தை ஈயக் குடுவைகளில் கொண்டுபோனது. மருந்து தீர்ந்த குடுவையை உருக்கினால் அதற்கு வேண்டிய குண்டும் வந்துவிடும் என்று கணக்கிட்டு வடிக்கப்பட்ட 52 குடுவைகள் அவை. ஆனால் பிரைமரை வீட்டில் பாதுகாப்பாகச் செய்ய வழியில்லை. முயன்றவர்கள் விரலைப் பறிகொடுக்கும் வேலை அது. அமெரிக்காவுக்குள் அதைப் பெருமளவில் செய்தவை ஃபெடரல், சி.சி.ஐ., ரெமிங்டன், வின்செஸ்டர் என்ற நான்கு பெயர்கள் மட்டுமே. தோட்டா விற்பதும் அவையே. முழுத் தோட்டாவுக்கு நாடே அலையும்போது, ஆலையில் செய்த பிரைமர் முதலில் அந்த ஆலையின் சொந்தத் தோட்டாவுக்குத்தான் போகும். தனியாக விற்க மிஞ்சுவது சொற்பம். ஆயிரம் பிரைமர் கொண்ட பெட்டி முன்பு 30 டாலர் அளவில் கிடைத்தது. தட்டுப்பாட்டின் உச்சத்தில் 100 டாலரையும் தாண்டிக் கைமாறியது. புத்தம் புதிய கருவியை மேசையில் பொருத்திவிட்டுப் பிரைமருக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம்.

முந்தைய தட்டுப்பாடு இதைவிடக் கடினமான பாடம் கற்பித்தது. 2012 டிசம்பரில் கனெக்டிகட்டின் நியூடவுனில் பள்ளிக் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வரும் என்ற எதிர்பார்ப்பில் வாங்குபவர்கள் முண்டியடித்தார்கள். அடுத்த சில ஆண்டுகள் மிக அரிதாகிப்போனது மலிவான .22 தோட்டாதான். அதில் தனிப் பிரைமரே கிடையாது. தீப்பொறிக் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். ஊசி விளிம்பை நசுக்கிவிட்டால் அந்தக் கூடு தீர்ந்தது. எதற்குப் பஞ்சம் அதிகமோ அதை நிரப்பவே முடியாது என்ற நிலை.

இப்படிப் பார்த்தால், மறுநிரப்பு என்பது பஞ்சம் வந்தபின் தொடங்கும் பரிகாரம் அல்ல. பொருள் மலிந்த காலத்திலேயே பழகி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தவருக்குத்தான் அது கைகொடுக்கிறது. அப்படிப் பழகியவர்களில் பலர் பணத்துக்காக அதைத் தொடங்கியவர்களும் அல்லர். ஆலைகள் கைவிட்ட பழைய அளவுத் துப்பாக்கிகளை வைத்திருப்பவர்கள், ஒவ்வொரு தோட்டாவும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று தேடும் இலக்குச் சுடும் போட்டியாளர்கள், தங்கள் ரைஃபிளுக்கென்றே அளவு பார்த்து நிரப்பும் வேட்டைக்காரர்கள் ஆகியோரே இந்தப் பழக்கத்தின் முதுகெலும்பு. என்ன மருந்து, எவ்வளவு, எந்தக் கூடு, எத்தனையாவது முறை என்று அவர்கள் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார்கள்.

பிரைமர் நெருக்கடி தணியத் தொடங்கியபோது மருந்தில் நெருக்கடி வந்தது. இன்றைய மருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். அதன் முக்கிய மூலப்பொருள் பருத்தி. பஞ்சை அரைத்துப் பிரித்தபின் விதையில் ஒட்டியிருக்கும் குட்டை இழைகளை அமிலத்தில் நனைத்துச் செய்கிறார்கள். நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காட்டில் இருக்கும் கார்டைட் தொழிற்சாலையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இந்த வகை மருந்தைத்தான் தயாரித்துவருகிறது. 2022-இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்ததும் பீரங்கிக் குண்டுகளின் தேவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பன்மடங்கானது. பீரங்கிக்கும் அதே நைட்ரோசெல்லுலோஸ்தான் வேண்டும். அந்தக் குட்டைப் பருத்தி இழையில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது என்பது ஐரோப்பிய ஆயுத ஆலைகளுக்குத் தலைவலியானது. உலகளவில் மருந்துத் தட்டுப்பாடு வரும் என்று சொல்லி 2024 தொடக்கத்திலிருந்து விலையை உயர்த்துவதாக விஸ்டா தன் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. கார் கொட்டகையில் மான் வேட்டைக்கு நிரப்பிக்கொண்டிருந்தவருக்கும் அந்தப் போர் இவ்வழியாக வந்து சேர்ந்தது.

ரஷ்யாவின் மலிவுத் தோட்டாவுக்கு அதற்கு முன்பே வாசல் அடைபட்டிருந்தது. ரஷ்ய எதிர்க்கட்சி அரசியல்வாதி நவால்னிக்கு நஞ்சு கொடுக்கப்பட்டதற்கான தண்டனையாக, 2021 செப்டம்பரிலிருந்து ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி இல்லை என்று அமெரிக்கா அறிவித்தது.

2024 நவம்பரில் விஸ்டாவின் தோட்டாப் பிரிவு முழுவதையும் செக் நாட்டின் செக்கோஸ்லோவாக் குழுமம் 220 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. ஃபெடரல், சி.சி.ஐ., ரெமிங்டன் மூன்றும் இப்போது அந்தக் குழுமத்தின் கையில். நான்காவதான வின்செஸ்டர் தோட்டா ஓலின் நிறுவனத்திடம். மற்றபடி அமெரிக்க மறுநிரப்பாளர்களுக்குப் பிரைமர் வருவது இத்தாலி, அர்ஜென்டினா, போஸ்னியா போன்ற நாடுகளிலிருந்து. கடையில் கண்ணில் பட்டால் எந்தப் பெயராக இருந்தாலும் ஒரு பெட்டி வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் அவர்களில் பலரிடம் 2020-க்குப் பிறகு நிலைத்துவிட்டது.